கார் தானா ஓடட்டும், காசு எங்கே ஓடும்?

டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-ல் சொன்னார். 2023-ல் மறுபடியும் சொன்னார். காரணம், டிரைவர்களுக்கு வேலை போய்விடும். உடனே ஒரு கூட்டம், "கம்ப்யூட்டர் வந்தப்பவும் இப்படித்தான் கத்தினாங்க" என்று கிளம்பிவிட்டது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்கு போட்டால்தான் இடிக்கிறது!

பேகம்பூரில் ஒருவர் ஆட்டோ ஏறுகிறார். அந்தச் சவாரிக் காசில் பெட்ரோலும் வண்டித் தவணையும் போக மிச்சம் எங்கே போகுது? டீக்கடை, மெக்கானிக், மளிகை, பிள்ளைங்க ஃபீஸ். எல்லாம் திண்டுக்கல்லுக்குள்ளேயே சுத்துது. சான் பிரான்சிஸ்கோவில் வேமோ காரில் ஏறினால் டிரைவருக்குப் போக வேண்டிய கூலியும் கம்பெனி கணக்குக்குத்தான் போகும். அந்தக் கம்பெனி ஆல்ஃபபெட்டுக்குச் சொந்தம், அதாவது கூகுளின் தாய் நிறுவனம்.

புது வேலை வரும் என்பார்கள். வரும்தான். ஆனால் யாருக்கு, எந்த ஊரில்? திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கோங்க. அலிகாரின் மெஷின் பூட்டோடு போட்டி போட முடியாமல் இங்கே பட்டறைகள் மூடின. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் பூட்டு செய்யும் கைகள் குறைந்துவிட்டன.

அடுத்து, "மனுஷன்தான் தப்பு பண்றான், மெஷின் பண்ணாது". 2022-ல் இந்திய சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44 சதவீதத்துக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அவர்களுக்கு முதலில் தேவை ஹெல்மெட், நல்ல ரோடு, வேகக் கட்டுப்பாடு. மெஷினும் யோக்கியமில்லை. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதி விழுந்த பெண்ணை க்ரூஸ் நிறுவனத்தின் தானியங்கி கார் அடியில் இழுத்துக்கொண்டே போனது. அதே மாதம் கலிபோர்னியா அரசு அதன் அனுமதியை நிறுத்தி வைத்தது.

அப்போ மெஷினே வேண்டாமா? அப்படியில்லை. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா லைனில் 2020 டிசம்பரிலிருந்து டிரைவர் இல்லாத ரயில் ஓடுது. ஒரு ரயிலில் நூற்றுக்கணக்கான பேர், டிக்கெட் காசு பொது நிறுவனத்துக்கு. டிரைவர் இல்லாத கார் அப்படியா? நாலு பேரைத்தான் ஏற்றும், ஆளே இல்லாமலும் ரோட்டை அடைத்துக்கொண்டு சுத்தும்.

அதனால் தடை மட்டும் போதாது. அமைச்சர் மாறினால் தடையும் மாறும். இப்போதே இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஊருக்கு இன்னும் நிறைய பஸ். என்றைக்காவது அந்தக் கார் வந்தால், ஒவ்வொரு சவாரியிலும் ஒரு பங்கு டிரைவர்கள் நல வாரியத்துக்கு.

ரோடு போட்டது மக்கள் வரிப்பணம். அதில் சம்பாதிப்பவன் வாடகை கொடுக்கட்டுமே!