கண்ணுக்குத் தெரியும் கோபுரம். கைக்கு எட்டாத இணையம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியில் உள்ள ஒரு சிற்றூரில், உறவினர் வீட்டு மாடியில் அண்மையில் ஓர் இரவு நின்றிருந்தேன். ஏறத்தாழ நான்கு கிலோ மீட்டர் தொலைவில் கைப்பேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கு தெளிவாகத் தெரிந்தது. இடையில் மலையும் இல்லை, அடுக்குமாடிக் கட்டடமும் இல்லை. ஆயினும், கீழே கூடத்தில் போட்டித் தேர்வுக்கான பாடக் காணொலியைப் பார்க்க முயன்ற அவ்வீட்டுப் பெண், கைப்பேசியுடன் படியேறி மாடிக்கு வந்துவிட்டாள். 'கீழே சுத்தமா கிடைக்கல மாமா' என்றாள்.

வீடு வரை கண்ணாடி இழைக் கம்பி வராத இத்தகைய ஊர்களுக்குக் கம்பியில்லா அகண்ட அலைவரிசை இணையமே தீர்வு என்று சொல்லப்படுகிறது. 2023 ஆகஸ்டில் ஏர்டெல் நிறுவனமும், செப்டம்பரில் ஜியோ நிறுவனமும் 5ஜி அலைவரிசை வழியாக வீட்டு இணைய இணைப்பை அறிமுகப்படுத்தின. தீர்வு சரியானதே. ஆனால், அது எப்படி வடிவமைக்கப்படுகிறது என்பதில்தான் மானாவாரி நிலத்து மக்களின் பயன் அடங்கியிருக்கிறது.

கண்ணுக்குக் கோபுரம் தெரிவதும் வானொலி அலைக்கு வழி கிடைப்பதும் ஒன்றல்ல. ஒளிக்கு நூல் போன்ற நேர்கோடு போதும். வானொலி அலைக்கோ அந்தக் கோட்டைச் சுற்றித் தடையற்ற வெளி வேண்டும். நான்கு கிலோ மீட்டர் தொலைவில், 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, நடுவழியில் அந்த வெளியின் ஆரம் ஏறத்தாழ 9 மீட்டர். கண்மாய்க் கரையும், அதில் அடர்ந்த சீமைக் கருவேலமும், அடுத்த வீட்டு வேம்பும் அதற்குள் புகுந்தாலே அலை நலிந்துவிடும். வீட்டுச் சுவரைத் தாண்டும்போது மேலும் நலியும்.

இச்சிக்கல் தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னை ஐஐடி உருவாக்கிய 'கார்டெக்ட்' கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் கிராம இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. கோபுரத்தை நோக்கிய நேர்ப்பார்வை அதற்கு இன்றியமையாதது. நல்ல முயற்சியாக இருந்தும், வருவாயும் தொடர்ந்த தொழில்நுட்ப உதவியும் போதாமல், சில ஆண்டுகளில் அம்மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. அதன் பின்னர், தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நெடுந்தொலைவு வைஃபை மூலம் கிராமக் கண் பரிசோதனை மையங்களை இணைத்தனர். அங்கும் நேர்ப்பார்வை தேவைப்பட்டது. கருவிகளைப் பெரிதும் பழுதாக்கியது அலை அன்று, சீரற்ற மின்சாரமே என்பது அவர்கள் கற்ற பாடம்.

நேர்ப்பார்வைக் கட்டாயத்தைத் தளர்த்தியது பின்னர் வந்த நுட்பம். சுவரிலும் மரத்திலும் பட்டுச் சிதறும் அலை, பல வழிகளில் சற்று முன்பின்னாக வந்து சேரும். பாறைக்கு எதிரே நின்று பேசினால் சொற்கள் எதிரொலியில் குழம்புவது போலத் தகவலும் குழம்பும். இதற்கு மாற்றாக, தகவலை நூற்றுக்கணக்கான மெல்லிய துணை அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிதானமாக அனுப்பி, இடையே எதிரொலி அடங்கச் சிறு இடைவெளி விடுகிறார்கள். வைமேக்ஸ், 4ஜி, 5ஜி ஆகிய அனைத்தும் இம்முறையைப் பயன்படுத்துகின்றன. பல ஆன்டெனாக்களைச் சேர்த்து, சிதறிய அலைகளையே பயனாக்கிக்கொள்ளும் வழியும் வந்துவிட்டது.

ஆயினும், குழப்பம் தீர்ந்ததே தவிர இழப்பு தீரவில்லை. இதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. அலை வலுவாகக் கிடைக்கும் வீட்டுக்கு ஒரு துடிப்பில் 8 பிட் தகவலை அனுப்ப முடியுமெனில், நலிந்த அலை பெறும் வீட்டுக்கு 2 பிட் அனுப்புவதே அரிது. அதே காணொலிக்கு அவ்வீடு கோபுரத்தின் நேரத்தை நான்கு மடங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கோபுரத்தின் கொள்ளளவோ ஊருக்குப் பொது. ஆக, ஒரு வீட்டின் மோசமான இணைப்பு அந்த வீட்டின் குறை மட்டுமன்று. கண்மாயின் ஒரு மடை கசிந்தால் கடைமடை காய்வதைப் போல, அது ஊர் முழுவதற்கும் இழப்பு.

எனவே, முதல் தேவை வீட்டுக் கூரையில் ஆன்டெனா. கூடத்தில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு 'வேலை செய்கிறது' என்று கூறிச் செல்வது எளிது. கூரைமேல் சில மீட்டர் உயரக் கம்பத்தில் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைப் பொருத்துவது, அந்த வீட்டுக்கும் அண்டை வீடுகளுக்கும் சேர்த்தே நன்மை.

இரண்டாவது, அலைவரிசைத் தேர்வு. 700 மெகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும், தழைகளையும் சுவரையும் ஓரளவு கடக்கும். ஆனால், 2022 ஏலத்தில் அதை வாங்கிய ஒரே நிறுவனமான ஜியோவிடமும் அது 10 மெகாஹெர்ட்ஸ் இணையாகவே உள்ளது. 3,500 மெகாஹெர்ட்ஸில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் உண்டு, எட்டும் தூரம் குறைவு. 26,000 மெகாஹெர்ட்ஸ் அலையோ இலைகளுக்கே தயங்கும். நகருக்கான கணக்கை அப்படியே கரிசல் காட்டுக்குப் பொருத்த முடியாது. சிதறிய ஊர்களுக்கு இரு அலைவரிசைகளும் கைகோக்க வேண்டும்.

மூன்றாவது, கோபுரத்தின் பின்புலம். கோபுரம் வரை கண்ணாடி இழை இல்லையெனில் வீட்டு ஆன்டெனா எவ்வளவு உயர்ந்தும் பயனில்லை. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் திட்டத்தின் இழை, ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடாமல் அருகிலுள்ள கோபுரங்களையும் சென்றடைய வேண்டும். அங்கே மின்தடையைத் தாங்கும் மின்கலங்களும் வேண்டும். தேனியின் பாடத்தை மறக்கலாகாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் கொண்டுவந்த விதிகள், கைப்பேசிச் சேவை எட்டும் பகுதிகளின் வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்கின்றன. வரவேற்கத்தக்கதே. ஆனால், அத்தகைய வரைபடம் கூடத்தின் நிலவரத்தைச் சொல்லாது. கம்பியில்லா வீட்டு இணைப்புக்கு, கோபுரத்தின் எல்லையோரத்து வீட்டில் இரவு எட்டு மணிக்குக் கிடைக்கும் வேகமே அளவுகோலாக வேண்டும். அந்த வேகத்தைத் தர இயலாத இடத்தில் புதிய இணைப்பு விற்கப்படலாகாது. சட்டப்படி அகண்ட அலைவரிசை என்பதன் குறைந்தபட்சம் விநாடிக்கு 2 மெகாபிட். வகுப்புகள் காணொலியாகிவிட்ட காலத்தில் அதுவும் போதாது.

விருதுநகர், 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களாக அறிவித்தவற்றுள் ஒன்று. அங்கே எத்தனை கோபுரங்கள் நிற்கின்றன என்று எண்ணுவது எளிது. அன்றிரவு மாடிக்கு ஏறி வந்த அந்தப் பெண், தன் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்து படிக்க முடிகிறதா என்பதே உண்மையான கணக்கு.