வாரம் ஒரு மணி நேரம்

ஊருக்குள் பஸ் நுழையும் இடத்தில் அந்தப் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல் வைத்த சக்கரம் ஒன்றை வரைந்து, 'ரோட்டரி சங்கம் உங்களை வரவேற்கிறது' என்று எழுதியிருப்பார்கள். பள்ளிக்கூட பெஞ்சியிலும், பஸ் ஸ்டாண்டு குடிநீர்த் தொட்டியிலும், மயானக் கொட்டகையிலும் அதே சக்கரம். அதற்கு 24 பற்கள், 6 ஆரங்கள். அவற்றை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

"என்ன செய்வார்கள்? வாரம் ஒரு நாள் ஹோட்டலில் கூடுவார்கள். சாப்பிடுவார்கள். ஒருவருக்கொருவர் மாலை போட்டுக் கொள்வார்கள். போட்டோ எடுத்துக் கொண்டு வீட்டுக்குப் போவார்கள்!"

இது திண்ணைப் பேச்சு. இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மிச்ச உண்மையை இந்த வாரம் கொஞ்சம் பார்க்கலாம், வாருங்கள்.

* * *

முதலில் கூட்டத்துக்குள் போவோம்.

குறித்த நேரத்தில் தலைவர் மேஜை மேலுள்ள மணியைத் தட்டுவார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பிரார்த்தனை. காரியதரிசி அறிவிப்புகளைப் படிப்பார். வெளியூர்ச் சங்கத்திலிருந்து வந்த விருந்தாளியை அறிமுகம் செய்வார்கள். அந்த வாரம் பிறந்த நாள், கல்யாண நாள் யாருக்கு என்று பார்த்து வாழ்த்துவார்கள். பிறகு ஒருவர் பேசுவார். டாக்டராக இருந்தால் நீரிழிவைப் பற்றி. பாங்கி மானேஜராக இருந்தால் கடனைப் பற்றி. கேள்வி கேட்கலாம். நன்றியுரை, தேசிய கீதம், மறுபடி மணி. ஒரு மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிடும்.

இதற்கு நடுவே எழுந்து வருவார் 'சார்ஜண்ட்'. கூட்டத்தின் ஒழுங்கைப் பார்த்துக் கொள்கிறவர் இவர்தான். கையில் ஒரு உண்டியல் இருக்கும். தாமதமாக வந்தாயா? போடு அபராதம். கூட்டத்தில் டெலிபோன் மணி அடித்ததா? போடு. மகள் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினாளா? சந்தோஷம், போடு! பத்திரிகையில் உன் படம் வந்ததா? இரட்டிப்பாகப் போடு! சிரித்துக் கொண்டே பையைத் தடவுவார்கள். குற்றத்துக்கும் அபராதம், சந்தோஷத்துக்கும் அபராதம்.

இந்த உண்டியலை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மறுபடி இதனிடம் வருவோம்.

* * *

இந்தக் கூட்டம் எப்படிப் பிறந்தது தெரியுமா? தர்ம சிந்தனையால் அல்ல, தனிமையால்.

பால் ஹாரிஸ் என்ற வக்கீல் சிறிய ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். 1896ல் தொழில் நடத்த சிகாகோவுக்கு வந்தார். லட்சக்கணக்கான ஜனங்கள்; அவருக்கு என்று ஒரு சிநேகிதர் இல்லை. 1905 பிப்ரவரி 23ந் தேதி ஒரு சுரங்க எஞ்சினியர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு தையற்கடைக்காரர் ஆகிய மூவருடன் சேர்ந்து உட்கார்ந்தார். எஞ்சினியரின் ஆபீஸ் அறையில்தான் கூட்டம். அடுத்த தடவை இன்னொருவர் ஆபீஸில். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததால்தான் 'ரோட்டரி' என்று பெயர்.

ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் அங்கத்தினர் ஆகலாம் என்று விதி செய்தார்கள். போட்டிக் கடைக்காரர் பக்கத்து நாற்காலியில் இல்லை. ஆகவே மனம் விட்டுப் பேசலாம் அல்லவா? அதோடு, ஒருவருக்கொருவர் வியாபாரமும் செய்து கொள்ளலாம்! யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று குறித்து வைப்பதற்கே ஒருவர் இருந்தார்.

அடுத்த ஆண்டில் டொனால்ட் கார்ட்டர் என்பவரை அங்கத்தினராகச் சேரும்படி அழைத்தார்கள். அவரும் வக்கீல்தான், பேடண்ட் விவகாரங்களைக் கவனிப்பவர். அவர் மறுத்துவிட்டார். தனக்குத்தானே நன்மை செய்து கொள்ளும் சங்கம் நிலைக்காது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. கேட்டவர்கள் கோபித்துக் கொள்ளவில்லை. அவர் சொன்னதை ஏற்றுக் கொண்டு அவரையும் சேர்த்துக் கொண்டார்கள்.

ஊருக்கு அவர்கள் செய்த முதல் காரியம் எது? கோபுரமா, சிலையா? இல்லை. பொதுக் கழிப்பிடம்! அதற்கும் எதிர்ப்பு வந்தது. "எங்களிடமே அந்த வசதி இருக்கிறதே!" என்றார்கள் சாராயக் கடைக்காரர்களும் பெரிய ஜவுளி மாளிகைக்காரர்களும். இலவசமாகக் கிடைத்தால் அவர்கள் கடைக்குள் யார் நுழைவார்கள்? 1907ல் தொடங்கிய முயற்சி, நகர மண்டபத்தின் அருகே கழிப்பிடம் எழும்பும் வரை ஓயவில்லை.

சங்கம் கடல் கடந்து 1920ல் கல்கத்தாவுக்கும், 1929ல் சென்னைக்கும் வந்து சேர்ந்தது.

* * *

இனி பணத்துக்கு வருவோம்.

ஊரில் நிதி திரட்டும் வழிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். மெல்லிசைக் கச்சேரி, நாடகம், மலர் வெளியீடு. மலரில் பாதிப் பக்கங்கள் 'நல்வாழ்த்துக்களுடன்' என்ற ஒரே வார்த்தையோடு காலியாக இருக்கும். மளிகைக் கடைக்காரர் அந்தப் பக்கத்துக்குப் பணம் கொடுத்திருப்பார்; விளம்பரத்தை நம்பி அல்ல, கேட்டவர் முகத்துக்காக.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கச்சேரிக்கு டிக்கெட் விற்று 5 லட்சம் ரூபாய் வசூலாகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மண்டபம், மேடை, விளக்கு, பாடகர், பக்க வாத்தியம், சாப்பாடு என்று 4 லட்சம் போனால் மிச்சம் 1 லட்சம். இப்போது அந்த உண்டியலை எடுத்துக் கொள்ளுங்கள். 40 அங்கத்தினர்கள், ஆளுக்கு வாரம் 50 ரூபாய். வாரத்துக்கு 2,000. 52 வாரங்களுக்கு 1,04,000 ரூபாய்! பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, வாசலில் நெரிசல் இல்லை.

கச்சேரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு பேருக்குக் காரியம் தெரிய வரும்; வெளியார் பணமும் சேரும். ஆனால் வெளியார் பணம் சேருகிறபோது ஒரு பொறுப்பும் சேருகிறது. லயன்ஸ் சங்கத்தில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பொதுஜனங்களிடம் வாங்கிய பணம், வசூலுக்கு நேராக ஆன செலவு போக, முழுவதும் பொதுஜனங்களுக்கே போக வேண்டும். சங்கத்தின் சொந்தச் செலவுக்கு அங்கத்தினர் சந்தாதான். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். கொடுப்பது தெரிய வேண்டாம். செலவாவது தெரியத்தான் வேண்டும்.

இங்கேதான் வாரக் கூட்டத்தின் அருமை இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை கூடுகிற சபையில் கணக்கைப் படிப்பார்கள், கை தட்டுவார்கள், கலைந்து விடுவார்கள். வாரா வாரம் முகத்தைப் பார்க்கிறவர்களிடம் அப்படி நழுவ முடியாது. "அந்தக் கண் சிகிச்சை முகாம் பாக்கி என்ன ஆயிற்று?" என்று சாப்பாட்டு மேஜையிலேயே கேட்பார்கள். தலைவர் பதவியும் ஓராண்டுதான். ஜூலை 1ந் தேதி புதியவர் வந்து விடுவார்; பழைய கணக்கு அவர் கைக்குப் போயாக வேண்டும்.

* * *

சிறிய உண்டியலால் பெரிய காரியம் ஆகுமா?

1917ல் ஆர்ச் கிளம்ப் என்ற தலைவர், உலகத்துக்கு நன்மை செய்ய ஒரு நிதி வேண்டும் என்றார். மறு வருஷம் முதல் நன்கொடை வந்தது. கான்ஸஸ் நகரத்துச் சங்கம் அனுப்பிய தொகை 26 டாலர் 50 செண்டு! யாராவது சிரித்திருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

1979ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 லட்சம் குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து கொடுக்க ரோட்டரி முன்வந்தது. 1985ல் உலகம் முழுவதற்கும் அதைச் செய்வதென்று முடிவாயிற்று. 12 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்று குறி வைத்தார்கள். 1988க்குள் சேர்ந்தது 24 கோடிக்கு மேல். அந்த ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனமும் அரசாங்கங்களும் கை கோத்தன. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளை அந்த நோய் முடக்கிக் கொண்டிருந்தது.

நம் நாட்டில் 1995ல் நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. குழந்தையைத் தூக்கிக் கொண்டு நீங்களும் வரிசையில் நின்றிருப்பீர்கள். சர்க்காரின் சுகாதார ஊழியர்கள் பக்கத்தில் ரோட்டரிக்காரர்களும் நின்றார்கள். 2011 ஜனவரி 13ந் தேதி ஹௌராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் காட்டு வைரஸால் வந்த கடைசி இளம்பிள்ளை வாதம். 2014 மார்ச் 27ந் தேதி நம் நாட்டுக்கு அந்த நோய் நீங்கியதாகச் சான்று கிடைத்தது.

இந்தப் பெருமை ஒரு சங்கத்துக்கு மட்டும் உரியதல்ல. வீடு வீடாக நடந்த சுகாதாரப் பெண்களுக்கே பெரும் பங்கு. ஆனால் உண்டியலில் விழுந்த அபராதத்துக்கும் அதில் ஒரு துளி பங்கு உண்டு.

* * *

இதுவரை படித்த சகோதரிகள், "இந்தக் கூட்டத்தில் நாங்கள் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

1905லிருந்து 1989 வரை, 84 ஆண்டுகள், ரோட்டரியில் பெண்களுக்கு இடமில்லை. 1924ல் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் என்ற அம்மையார், அங்கத்தினர்களின் மனைவியருக்காக 'இன்னர் வீல்' சங்கம் தொடங்கினார். வீட்டுப் பலகாரம் செய்து விற்பதற்கும் டிக்கெட் விற்பதற்கும் பெண்கள் வேண்டும். மேஜையில் மட்டும் நாற்காலி கிடையாது!

1977ல் கலிபோர்னியாவின் டுவார்ட்டே என்ற ஊர்ச் சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்துக் கொண்டது. தலைமைச் சங்கம் மறு வருஷம் அவர்களைத் தள்ளி வைத்தது. அவர்கள் கலைந்தார்களா? இல்லை. 'முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று பெயரை வைத்துக் கொண்டு கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1987ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1989ல் உலகம் முழுவதும் கதவு திறந்தது. 2022ல் கனடாவைச் சேர்ந்த ஜெனிபர் ஜோன்ஸ் என்ற அம்மையார் சர்வதேசத் தலைவராகவே ஆகிவிட்டார்.

கூட்டமும் முன்போல் இல்லை. 2016 முதல், மாதம் இரண்டு தடவை கூடினால் போதும் என்று விதியைத் தளர்த்தி விட்டார்கள். வேலைத் தொல்லை மிகுந்தவர்களுக்கு வசதிதான். ஆனால் முகம் பார்ப்பது குறைந்தால் கேள்வி கேட்பதும் குறையுமே என்பதுதான் கவலை.

* * *

கடைசியாக அந்தப் போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை.

தையல் இயந்திரம் வழங்கும் விழா. மேடையில் பன்னிரண்டு பிரமுகர்கள். இயந்திரத்தின் மேல் பன்னிரண்டு கைகள். படத்தின் ஓரத்தில், அதைப் பெற்றுக் கொள்கிற பெண். தலை குனிந்திருக்கிறாள். தன் வறுமை நாளைக்கு நாலு தெருவில் சுற்றி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ரோட்டரிக்காரர்களிடம் நான்கு கேள்விகள் உண்டு. 1932ல் நொடித்துப் போகவிருந்த ஒரு பாத்திரக் கம்பெனியை நிமிர்த்த ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் எழுதியவை. நாம் நினைப்பதும் சொல்வதும் செய்வதும் உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நட்பை வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மையா என்பது அவற்றின் சாரம். கூட்டங்களில் இதை ஒப்பிப்பார்கள். அந்தப் போட்டோவை எடுக்குமுன் இரண்டாவது கேள்வியை ஒரு தடவை கேட்டுக் கொண்டால் போதும். இயந்திரம் அவள் வீட்டுக்கு நேரே போய்ச் சேரும்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த தடவை யாராவது டிக்கெட் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றால் ஓடி ஒளியாதீர்கள், முகத்துக்காகவும் கொடுக்காதீர்கள். "போன வருஷம் எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு? ரசீது உண்டா?" என்று கேளுங்கள். "நீங்கள் வைத்த குடிநீர்த் தொட்டியில் இன்று தண்ணீர் வருகிறதா?" என்றும் கேளுங்கள். நல்ல சங்கத்தார் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவார்கள்.