ரிமோட்டுக்கு ஏடு தொடக்குவோம்

பொத்தானை அழுத்தினாற் போதும், வேலை முடிந்துவிடும் என்று நம் காலத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசிக்கொள்கின்றோம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்டால் மட்டும் நம்மிற் பலர் விழிக்கின்றோம். யாழ்ப்பாணத்து வீடொன்றின் முன் மண்டபத்து மேசையைப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு ரிமோட், செய்மதி அலைவரிசைப் பெட்டிக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று, கனடாவிலிருந்து மகன் அனுப்பிய வேறொரு கருவிக்கு இன்னொன்று. நான்கிலும் உள்ள பொத்தான்களைக் கூட்டினால் நூறு தேறும். வீட்டிலே இருப்பவரோ 75 வயது அம்மம்மா ஒருவரே. அவருக்கு வேண்டியவை ஆறு பொத்தான்கள்தாம்.

மாலையிலே நாடகம் தொடங்கும் நேரத்தில் திரை நீலமாகி நின்றுவிட்டால், பக்கத்து வீட்டுப் பையன் ரியூசன் வகுப்பால் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். இது அற்ப விஷயம் என்று இளைஞர் நகைக்கலாம். தம் சொந்த வீட்டிலே சிறு காரியத்துக்கும் பிறர் கையை எதிர்பார்ப்பது முதியோருக்கு எத்துணை மனவருத்தம் தரும் என்பதை அருகிருந்து பார்த்தவர் அறிவர். ஆகவே, பல ரிமோட்டுகளின் வேலையைத் தானே கற்றுக்கொள்ளும் 'கற்கும் ரிமோட்' பற்றி இவ்வாரம் எழுதத் துணிந்தோம். இத்தகையவை இன்று அதிக விலையின்றியே கிடைக்கின்றன.

முதலிற் சிறிது வரலாறு. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செனித் கம்பனி வெளியிட்ட ரிமோட் நீண்ட கம்பி ஒன்றினாலே தொலைக்காட்சிப் பெட்டியுடன் பிணைக்கப்பட்டிருந்தது. நடப்போர் காலை அக்கம்பி இடறிற்று. 1955இல் அக்கம்பனியின் பொறியியலாளர் யூஜின் பொலி, ஒளிக்கற்றையால் இயங்கும் ரிமோட்டை அமைத்தார். வெயில் திரையின் மூலையிற் பட்டாலும் அலைவரிசை தானே மாறிற்று. மறு ஆண்டு வந்த றொபேட் அட்லரின் கருவியோ பற்றரி இன்றியே வேலை செய்தது. பொத்தானை அழுத்தச் சிறு சுத்தியல் அலுமினியக் கோலொன்றைத் தட்டும். மனிதச் செவிக்கு எட்டாத கழியொலி பிறந்து பெட்டிக்கு ஆணையிடும். செந்நிறக்கீழ்க் கதிர்களைப் பயன்படுத்தும் இன்றைய முறை அதற்குப் பின்னரே பரவிற்று.

நம் நாட்டிலே சுயாதீன தொலைக்காட்சி 1979 ஏப்ரிலிலும் ரூபவாகினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. வட பகுதி வீடுகள் உயர்ந்த அன்ரனாக்களை நாட்டி, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த தூரதர்ஷனையும் பார்த்தன. பின்னர், 1990களின் போர்க்காலத்தில், மின்சாரமும் பற்றரியும் அரிதாகிப் போனபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நம் மக்கள். அவர்களே இன்று ரிமோட்டுகளின் முன் தயங்கி நிற்கின்றனர் என்றால், குறை அவர்களுடையதன்று, கருவிகளை வகுத்தவர்களுடையது.

இனி, கற்கும் ரிமோட் எவ்வாறு கற்கிறது என்பதைப் பார்ப்போம். மாணவர்கள் இதனைச் சிறிது கூர்ந்து படிக்கலாம். ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு நம் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிரை வீசுகின்றது. வெயிலிலும் அக்கதிர் உண்டு. அதனின்றும் வேறுபடுத்தி அறிவதற்காக, பெரும்பாலான ரிமோட்டுகளின் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கின்றது. அத்துடிப்பைச் சிறிதும் பெரிதுமான இடைவெளிகளாக வெட்டி, தந்திக் குறிபோலச் செய்தி அனுப்பப்படுகிறது. யப்பானிய என்.ஈ.சி. கம்பனியின் முறையை எடுத்துக்கொண்டால், முதலில் ஒரு செக்கனின் ஆயிரத்தில் 9 பங்கு நேரம் ஒளி, அதன் பாதி நேரம் மௌனம், பின்னர் 32 குறிகள். இவ்வளவும் பத்தில் ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும்.

கற்கும் ரிமோட்டுக்கு விளக்கோடு கண்ணும் உண்டு. பழைய ரிமோட் எவ்வளவு நேரம் ஒளிர்ந்தது, எவ்வளவு நேரம் ஓய்ந்தது என்பதை அது அப்படியே ஞாபகத்திற் பதித்துக்கொள்கிறது, கேட்டபோது ஒப்பிக்கிறது. பொருளறியாமல் மனனம் செய்யும் மாணாக்கனைப் போன்றது அது. ஆசிரியர் தடுமாறினால் தடுமாற்றத்தையும் சேர்த்தே பாடமாக்கிவிடும். எனவே ஆசிரியராகிய பழைய ரிமோட்டுக்கு முதலிற் புதிய பற்றரி இடுங்கள்.

ஏடு தொடக்கும் முறை வருமாறு. வெயில் படாத இடத்தில், மேசைமீது இரண்டு ரிமோட்டுகளையும் முனைக்கு முனை பார்க்கும்படி வையுங்கள். இடையே இரண்டு மூன்று விரல் அகலம் இருக்கட்டும். புதியதிலே கற்பதற்குரிய பொத்தானைச் சிவப்பு விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். அடுத்து, புதியதில் எந்தப் பொத்தான் பாடம் கற்க வேண்டுமோ அதனை ஒருமுறை அழுத்துங்கள். பின்னர் பழையதில் அதற்கு நேரான பொத்தானை அழுத்துங்கள். விளக்குச் சிமிட்டினால் பாடம் ஏறிவிட்டது என்பது பொருள். இப்படியே ஒவ்வொன்றாகச் செய்து, இறுதியிற் சேமித்துவிடுங்கள். கருவிக்குக் கருவி சிறு வேறுபாடு உண்டாகையால், உடன் வரும் துண்டுப் பிரசுரத்தை எறிந்துவிடாதீர்கள்.

சில இடையூறுகளையும் சொல்லிவைப்போம். புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றின் ரிமோட் ஒளியால் அன்றி வானொலி அலையால் பேசும். அதனிடம் பாடம் கற்க முடியாது. கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவுக்கு நேரே ரிமோட்டைப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையிலே வெளிறிய ஊதா ஒளி மின்னினால் அது ஒளியாற் பேசுவது. இரண்டாவது, பிலிப்ஸ் கம்பனி வகுத்த ஆர்.சி.5 என்ற முறையில், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு குறி மாறி மாறி வரவேண்டும். மனனம் செய்த ரிமோட் எப்போதும் ஒரே குறியையே ஒப்பிப்பதால், விரலை இன்னும் எடுக்கவில்லை என்று பெட்டி எண்ணி இரண்டாவது அழுத்தத்தைப் புறக்கணிக்கலாம். அவ்வாறாயின் பாடம் கற்பிப்பதை விட்டு, பிரசுரத்திலுள்ள கம்பனி இலக்கத்தைப் பதியும் வழியை நாடுங்கள். அவ்வசதி எல்லா ரிமோட்டிலும் இராது, வாங்கும்போதே விசாரியுங்கள். மூன்றாவது, பற்றரியை மாற்றும்போது பாடம் அழியுமா என்பதையும் கேட்டறியுங்கள். கசிந்த பற்றரியைக் கருவிக்குள் விட்டுவைப்பது எதற்கும் ஆகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. ஆசிரியர் உயிரோடிருக்கும்போதுதான் பாடம் கேட்கலாம். பழைய ரிமோட் கிணற்றடியிலே விழுந்து உடைந்தபின் புதியதை வாங்கி வந்து பயனில்லை. அது யாரிடம் கற்கும்? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் இன்றே இதனைச் செய்துவிடுங்கள். பாடம் முடிந்தபின் பழையவற்றைப் பற்றரி கழற்றிப் பெட்டியொன்றில் இட்டுப் பத்திரப்படுத்துங்கள். பின்னொருகால் மீண்டும் தேவைப்படும்.

ஆனால், நூறு பொத்தானையும் ஒரே ரிமோட்டிலே திணிப்பது உதவியாகாது. அப்பிள் கம்பனியைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்ரீவ் வொஸ்னியாக், 1987இல் 'கோர்' என்ற கற்கும் ரிமோட்டை வெளியிட்டார். வல்லமை மிக்க கருவிதான். எனினும் சாதாரண மக்களுக்கு அதனை ஆளுவது கடினமாயிருந்தமையால் அது பரவலாக விலைபோகவில்லை. மேதைக்கு எளிதாயிருப்பது அம்மம்மாவுக்கு எளிதாயிராது.

ஆகையால் மாணவர்களே, அடுத்த விடுமுறையில் இதனை நீங்களே செய்யுங்கள். பெரிய எழுத்தும் சில பொத்தான்களும் உள்ள கற்கும் ரிமோட்டைத் தேர்ந்தெடுங்கள். எந்தெந்தப் பொத்தான் வேண்டும் என்று அம்மம்மாவையே, அப்பப்பாவையே கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மின்சாரம் போய் வந்தபின் எதனை முதலில் அழுத்துவது, எதனை அடுத்து அழுத்துவது என்பதைப் பெரிய எழுத்தில் எழிதிச் சுவரில் ஒட்டுங்கள். 2022இல் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டிலே இது வீண் எச்சரிக்கையன்று. பின்னர் ரிமோட்டை அவர்கள் கையிலே கொடுத்து, நீங்கள் கைகட்டி நில்லுங்கள். பிழை விட்டால் பறித்து அழுத்திக் காட்டாதீர்கள். ஏடு தொடக்கிய நாளில் உங்கள் விரலைப் பிடித்து அரிசியிலே அகரம் எழுதுவித்தவர்கள், ஒருபோதும் உங்களிடமிருந்து அரிசித் தட்டைப் பறித்ததில்லை.