0.18 தந்த நிம்மதி

2015 ஆகஸ்டில் பொதுத் தேர்தல் முடிவுகள் வந்தபோது, சப்ரகமுவத் தோட்டங்களில் படித்தவர்கள் என்று பெயரெடுத்த நாம் ஓர் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைந்தோம். ஆசிரியர், தொழிற்சங்கக்காரர், பத்திரிகைக்கு எழுதுகிறவர் எல்லோருமே. தீவிர சிங்கள பௌத்த அமைப்பான பொது பல சேனா களத்தில் இறக்கிய பொது ஜன பெரமுனவுக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது வெறும் 0.18 சதவீதம். முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் அளுத்கமை எரிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சிங்கள மக்கள் அவர்களை நிராகரித்துவிட்டார்கள் என்று பேசினோம், எழுதினோம், அத்தோடு விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாது.

இத்தகைய கட்சிகள் இங்கே தோற்பதற்குக் காரணம் இருக்கிறது. சிஹல உறுமய 2000இல் ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம் பெற்று, அது யாருக்கு என்ற சண்டையில் உடைந்தது. அதன் வழிவந்த ஜாதிக ஹெல உறுமய 2004இல் பிக்குகளையே நிறுத்தி 9 ஆசனங்களை எடுத்தாலும், அதன் பலம் கொழும்பு, கம்பஹா பக்கத்து மத்தியதர வர்க்கத்திடம்தான் இருந்தது. இரத்தினபுரி, கேகாலைக் கிராமத்தவரின் கணக்கு வேறு. தேயிலைத் துண்டுக்கு உர மானியம், மாணிக்கக் குழிக்கு அனுமதிப் பத்திரம், பிள்ளைக்கு அரசாங்க வேலை. இவற்றைத் தரக்கூடிய பெரிய கட்சிக்குத்தான் அவர் புள்ளடி இடுவார். ஜனாதிபதியாக 50 சதவீதத்துக்கு மேல் தேவைப்படும் நாட்டில், அந்தப் பெரிய கட்சி சிறிய கட்சியின் பேச்சைத் தன் பேச்சாக்கிக்கொள்ளும். பிரிட்டனிலும் 2015இல் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சி 12.6 சதவீத வாக்குடன் ஒரே ஆசனம்தான் பெற்றது. மறு ஆண்டே அதன் கோரிக்கை சர்வஜன வாக்கெடுப்பில் வென்றது.

இதை நாம் பிரிட்டனைப் பார்த்துக் கற்க வேண்டியிருக்கவில்லை. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் இந்த மாகாணத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1981இல் இரத்தினபுரி மாவட்ட லயங்கள் எரிந்து, குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்குப் போனார்கள். அன்றைய பாராளுமன்றத்தில் தீவிர சிங்களக் கட்சி என்று ஒன்றுகூட இல்லை. ஆட்சியில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. அந்த அமைச்சரவையில் நம் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானும் இருந்தார். எங்கள் வீட்டுக் கூரைக்குத் தீ வைக்கத் தனிக்கட்சி எதுவும் தேவைப்படவில்லை என்பதை அனுபவித்த சமூகம், 34 ஆண்டுகள் கழித்து ஒரு தனிக்கட்சியின் தோல்வியை நம்பி உட்கார்ந்தது.

அதே 2015 ஜனவரியில் ஹெல உறுமயவும் நம் மலையகக் கட்சிகள் சிலவும் ஒரே வேட்பாளருக்காக வாக்குக் கேட்டன. என்ன உடன்பாட்டில் என்று நாம் கேட்கவில்லை. மாவனல்லை நம் கேகாலை மாவட்டத்து ஊர். 2001 மே மாதம் அங்கே முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது அது அவர்கள் பிரச்சினை என்றிருந்தோம். 2018 டிசம்பரில் அங்கே புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோதும், 2019 ஏப்ரல் குண்டுகளுக்குப் பின் கிராமங்களில் பயம் பரவியபோதும், அந்தப் பயத்தோடு பேச நாம் போகவில்லை. அந்த நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு இரத்தினபுரி மாவட்டம் ஏறத்தாழ 60 சதவீதம் கொடுத்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் அவருக்கே வாக்குக் கேட்டது. சிங்களப் பெரும்பான்மையின் ஆதரவால் மட்டுமே வெல்ல முடியும் என்று அறிந்திருந்ததாக, ருவன்வெலிசாயவில் பதவியேற்ற அன்றே அவர் சொன்னார்.

நம் தோட்டங்கள் நுவரெலியா போல மலை மலையாகத் தொடர்ந்து கிடப்பவை அல்ல. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் கொழுந்து மலையும் றப்பர் காடும் முடியும் இடத்தில் கிராமம் தொடங்கிவிடுகிறது. ஒரே பஸ், ஒரே கடை, ஒரே ஆஸ்பத்திரி. பால் வெட்டும் வேலையில் நாட்டுப்பக்கத்துப் பெண்களும் இருக்கிறார்கள். சங்கம் நம்மிடம் மாதச் சந்தா பிடித்தது, தேர்தல் நெருங்கினால் பெரட்டுக்களத்தில் கூட்டம் வைத்தது. கிராமத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. அங்கே மரண உதவிச் சங்கத்துக்கும் தானத்துக்கும் வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள்.

இதே கேகாலையில் 1934-35 மலேரியாக் காலத்தில் மருந்தும் உணவும் கொண்டு வீடு வீடாகப் போன இளைஞர்கள் பின்னர் சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். 1936இல் என். எம். பெரேரா ருவன்வெல்லையில் வென்றார். 1948இல் குடியுரிமைச் சட்டத்தை அவர்கள் எதிர்த்தார்கள். 1966 ஜனவரியில் அதே கட்சி தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராக ஊர்வலம் போனது. அந்தத் துரோகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். அவர்கள் காலி செய்த இடத்துக்கு நம்மில் ஒருவர்கூடப் போகவில்லை.

2024 நவம்பரில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தேசிய மக்கள் சக்தியின் சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போனார். சிங்களக் கிராமங்களின் விருப்பு வாக்கு இல்லாமல் அது நடந்திருக்காது. நம் சங்க அலுவலகங்களில் அதை நம் சமூகத்தின் வெற்றி என்று கொண்டாடினோம். அந்த வாக்குகளைக் கேட்டுக் கிராமத்து வீடுகளுக்கு ஏறி இறங்கியவர்களில் நாம் இருக்கவில்லை.