பன்னி நம்ம தோட்டத்துல, பேனா டெல்லியில!

மேட்டுப்பாளையம் சுத்துவட்டாரத்துல வாழை வெச்சிருக்கிற யாரை வேணாலும் கேளுங்க. டார்ச் லைட்டு, தகர டப்பா, பட்டாசுன்னு ராத்திரி பூரா காவல். அப்படியும் கண்ணசந்த நேரத்துல காட்டுப்பன்னி கூட்டமா புகுந்து கிழங்கோட தோண்டிப் போட்டுட்டுப் போயிருதுங்க.

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்லுது? உயிரைக் காப்பாத்திக்க விலங்கைக் கொன்னா குத்தமில்ல. பயிரைக் காப்பாத்த அந்த உரிமை விவசாயிக்குக் கிடையாது. மீறினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில்.

ஒரு பகுதியில பன்னியைத் தீங்கு விலங்குன்னு அறிவிக்கிற அதிகாரம் ஒன்றிய அரசு கையில மட்டும்தான். பீகாருக்கும் உத்தரகாண்டுக்கும் அப்படி அறிவிச்சுக் கொடுத்தாங்க. கேரளா திரும்பத் திரும்பக் கேட்டும் கொடுக்கல. கடைசியில 2025 அக்டோபர்ல அவங்க சட்டமன்றமே தனியா திருத்த மசோதா நிறைவேத்துச்சு. அதுக்கும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேணுமாம்!

காடும் வனவிலங்கும் ஒரு காலத்துல மாநிலப் பட்டியல்ல இருந்ததுங்க. 1972 சட்டமே சில மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்ட பிறகுதான் வந்துச்சு. அப்புறம் எமர்ஜென்சியில 42-ஆவது திருத்தம். கல்வியோட சேர்த்து இதையும் பொதுப் பட்டியலுக்குக் கொண்டு போனாங்க. அந்த 1976 நவம்பர்ல தமிழ்நாட்டுல சட்டமன்றமே கிடையாது, குடியரசுத் தலைவர் ஆட்சி. நம்ம வாயைக் கட்டிட்டு நம்ம பொருளை எடுத்துட்டுப் போனாங்க.

"மாநிலத்துக்கிட்ட விட்டா காட்டையே அழிச்சிருவீங்க"ன்னு சிலர் சொல்றாங்க. காட்டு யானையைக் காப்பாத்த சென்னை மாகாணம் 1873-லயே சட்டம் போட்டுச்சு. இந்திய அளவுல சட்டம் வந்தது 1879-ல. பாகுபலி யானை ரோட்டைத் தாண்டினா வண்டியை நிறுத்தி வழிவிடுற ஊருங்க இது. எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நேர்வழி இல்லாதப்ப என்ன நடக்குது தெரியுமா? பன்னிக்குன்னு எவனோ அவுட்டுக்காய் வைக்கிறான். அதைக் கடிச்ச யானை வாய் சிதறி, தண்ணிகூடக் குடிக்க முடியாம பல நாள் துடிச்சுச் சாகுது. அவுட்டுக்காய் வைக்கிறவனை நாங்க ஒருநாளும் ஆதரிக்க மாட்டோம். ஆனா முறையா அனுமதி வாங்க ஒரு வழி இருந்தா, விவசாயி அவன் பக்கம் எதுக்குங்க கண்ணை மூடிக்கப் போறாரு?

மாநில அரசையும் கேட்கிறோம். 2025 ஜனவரியில சட்டமன்றத்துல அறிவிச்சபடி, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டினாத்தான் பன்னியைச் சுடலாம், அதுவும் வனத்துறை மட்டும். காட்டை ஒட்டியே இருக்கிற நெல்லித்துறை, ஓடந்துறை தோட்டத்துக்கு இதனால என்ன பிரயோஜனம்? இந்த தூரக் கணக்கு சென்னையில போட்டது. அதனால எம்.எல்.ஏ.வை மறிச்சுக் கேட்கலாம், மாத்த வைக்கலாம். டெல்லி ஃபைலுக்கு யாரைங்க மறிக்கிறது?

காடு, வனவிலங்கு ரெண்டும் மாநிலப் பட்டியலுக்குத் திரும்பணும். அது நடக்கிற வரைக்கும் சும்மா உட்காரவும் வேண்டாம். இருக்கிற சட்டத்தை வெச்சே கேரளா 2022-ல ஊராட்சித் தலைவருக்குப் பன்னி விஷயத்துல அனுமதி கொடுக்கிற அதிகாரத்தைக் கொடுத்துச்சு. அதே அதிகாரத்தை நம்ம ஊராட்சிகளுக்கும் கொடுங்க. அடுத்த கிராம சபையில இந்தத் தீர்மானத்தை நம்ம தோழர்கள் கொண்டு வரணும். தோட்டக்காரங்களை இப்பவே பார்த்துப் பேசுங்க.

#மாநில_உரிமை #விவசாயி_உரிமை #மேட்டுப்பாளையம்