தெரியாததைக் கண்டால் நிற்கிற கருவி

பில்ட் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது "இந்த வகை ரீலொக்கேஷன் எனக்குத் தெரியாது" என்று சொல்லி நின்றுவிடுகிற கருவியை ஒருவருக்கும் பிடிப்பதில்லை. ஒரு எச்சரிக்கையைக் காட்டிப்போட்டு வேலையை முடிக்க வேண்டியதுதானே என்று திட்டுவார்கள். ஃபேர்ம்வெயார் விசயத்தில் அந்தக் கருவி நிற்பதுதான் சரி என்பது என்னுடைய கட்சி. கலைப்பீடத்தில மொழியியல் படிக்கிற ஆளுக்கு இதில என்ன வேலை எண்டு கேட்பீங்கள். இது அடிப்படையில் சுட்டுவதைப் பற்றிய பிரச்சினை, அதுதான்.

ஒரு வீட்டுக்கு வழி சொல்ல இரண்டு விதம் இருக்கிறது. "கோயில் வீதி, 14ஆம் இலக்கம்" என்பது ஒன்று. "இங்கையிருந்து மூண்டு வீடு தள்ளி" என்பது மற்றது. அந்த வீட்டு வரிசையை அப்படியே தூக்கி வேறொரு வீதியில் வைத்தால் முதலாவது பிழைத்துவிடும், இரண்டாவது நிற்கும். நிரலுக்குள்ளும் இந்த இரண்டு வகைச் சுட்டல்தான். கொம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே மொழிபெயர்க்கிறது. எது நினைவகத்தில் எங்கே போய் உட்காரும் என்று அப்போது அதற்குத் தெரியாது. அதனால் இடத்தை வெறுமையாக விட்டு, "இந்த இடத்தில், இன்ன பெயரின் முகவரியை, இன்ன கணக்குப்படி நிரப்பு" என்று ஒரு குறிப்பு வைக்கிறது. அந்தக் குறிப்புத்தான் ரீலொக்கேஷன். (தமிழில் இடப்பெயர்வு என்றோ மீள்குடியேற்றம் என்றோ எழுதிப் பார்த்தேன். எங்கட நாட்டில அந்தச் சொற்களுக்கு வேறு பாரம் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லே இருக்கட்டும்.)

"இடம் சாராத நிரலாகக் கொம்பைல் பண்ணினால் இந்தத் தலையிடியே இல்லை" என்று கனபேர் நினைக்கிறார்கள். அது அரைவாசி உண்மை. கட்டளைகள் "மூண்டு வீடு தள்ளி" முறையில் பேசலாம். ஆனால் தரவுக்குள் முழு முகவரிகள் இருக்கும். ஒரு மெனுவின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கோ, அதன் ஒவ்வொரு வரியும் ஒரு சுட்டி. நிரல் இடம் மாறினால் அவற்றை யாரோ திருத்த வேண்டும். லினக்ஸில் சாதாரண நிரல் ஓடத் தொடங்கும்போது லோடர் அதைச் செய்கிறது. ஃபேர்ம்வெயார்தான் முதலில் எழும்புகிற ஆள், அதற்கு முன்னால் அந்த லோடர் இல்லை. திருத்துகிற வேலையை அது தானே சுமந்துகொண்டு வர வேண்டும்.

யூ-பூட் இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். ஆர்ம் சிப்களில் அது ஓரிடத்தில் தொடங்கி, பிறகு தன்னைத்தானே ராமின் மேல் பகுதிக்குப் பிரதி பண்ணி, அங்கிருந்து தொடர்கிறது. பிரதி பண்ணியதும் ஒரு சின்ன அசெம்பிளிச் சுற்று பட்டியலைப் பார்த்து, "ரிலேட்டிவ்" வகைக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் நகர்ந்த தூரத்தைக் கூட்டுகிறது. வேறு வகை வந்தால்? ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போகிறது. இவ்வளவு அலட்சியமா என்று தோன்றும். ஆனால் பில்ட் நேரத்திலேயே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வகையைத் தவிர வேறு எது கண்ணில் பட்டாலும் "எதிர்பாராத ரீலொக்கேஷன்" என்று சொல்லி பில்ட் தோற்கும். வாசலில் அவ்வளவு கண்டிப்பாக இருப்பதால்தான் உள்ளே ஒருவரும் கேள்வி கேட்கத் தேவையில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை ஈடீகே 2 உடையது. யூஈஎஃப்ஐ மொடியூல்களின் இறுதி வடிவம் பீஈ. லினக்ஸில் ஜீசிசி தருவதோ எல்ஃப். நடுவில் ஜென்எஃப்டபிள்யூ என்ற கருவி மொழிபெயர்ப்பாளராக நின்று, எல்ஃபின் குறிப்புகளை வாசித்து பீஈயின் திருத்தப் பட்டியலை எழுதுகிறது. கஞ்சத்தனமான பட்டியல் அது. 4096 பைட் பக்கம் ஒன்றுக்கு ஒரு தொகுதி, பதிவு ஒன்றுக்கு 2 பைட். அதில் 4 பிட் வகைக்கு, 12 பிட் பக்கத்துக்குள் இருக்கிற இடத்துக்கு.

சிக்கல் கொட் என்கிற முகவரி அட்டவணையால் வந்தது. கட்டளை அந்த அட்டவணையின் ஒரு பெட்டியை "இத்தனை பைட் தள்ளி" என்று சுட்டுகிறது. அது நகர்ந்தாலும் கெடாது. ஆனால் பெட்டிக்குள் கிடப்பது முழு முகவரி, அதைத் திருத்தச் சொல்லி எல்ஃபில் தனிக் குறிப்பு இல்லை. "சுட்டல் சார்புதானே, பரவாயில்லை" என்று கருவி விட்டிருந்தால் பில்ட் அழகாக முடிந்திருக்கும். மொடியூல் பூச்சியத்தில் தொடங்குவதாக எண்ணிக் கட்டப்படுவது, ஏற்றப்படுவதோ வேறெங்கோ. திருத்தாத பெட்டியை நம்பிப் போனால் நினைவகத்தின் அடிப்பக்கத்தில் எது கிடக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு ஓடும். உடனே விழலாம், விழாமலும் கொஞ்சத்தூரம் போகலாம். இரண்டாவதுதான் பயங்கரம்.

கருவி விடவில்லை. தெரியாது என்று நின்றது. 2018இல்தான் அதற்கு இந்த வகை கற்றுக்கொடுக்கப்பட்டது. கற்றுக்கொடுத்த விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிரலின் பத்து இடங்கள் ஒரே பெட்டியைச் சுட்டலாம். பத்துத் தடவையும் பட்டியலில் எழுதினால், நகர்ந்த தூரம் பத்துத் தடவை கூட்டப்படும். அதனால் பெட்டிகளைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, இரட்டிப்பானவற்றை நீக்கிவிட்டுத்தான் எழுதுகிறது. "விளங்கின மாதிரி இருக்கு" என்ற அளவில் யாராவது அவசரமாக எழுதியிருந்தால் இதில்தான் விழுந்திருப்பார்கள்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. புதுக் கொம்பைலர் வந்ததும் நேற்றுவரை ஓடிய மூலநிரல் இன்று பில்ட் ஆகாது. ஆட்கள் பழைய பதிப்பிலேயே தொங்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது ஒப்டிமைசேஷனைக் குறைப்பார்கள். நாளைக்குப் புரொஜெக்ட் ஒப்படைக்க வேண்டிய மாணவருக்கு இது சின்ன விசயம் இல்லை. ஆனால் அந்த மாணவரிடம் மூலநிரல் இருக்கிறது, திரை இருக்கிறது, பிழைச்செய்தி இருக்கிறது. மௌனமாகப் போன பிழை போய்ச் சேருகிற ஆளிடம் எழும்பாத லப்டொப் மட்டும்தான் இருக்கும். அவர் அதை ரிப்பெயார் கடைக்குக் கொண்டுபோய், மூடியைக் கழற்றி, சிப்பில் கிளிப் மாட்டி, புரோகிராமரால் திரும்ப எழுதுவிக்க வேண்டும். காசு அவருடையது.

என்னுடைய குறை வேறு இடத்தில். நிற்கிற கருவி ஏன் நின்றது என்று மனிசர் மாதிரிச் சொல்ல வேண்டும். ஜென்எஃப்டபிள்யூ இந்த இடத்தில் தந்தது ஒரு கோப்பின் பெயரும், பதினாறடி எண்ணில் ஒரு வகை இலக்கமும். 2ஏ என்றால் கொட் சுட்டல்களில் ஒரு வகை என்று தெரிய நீங்கள் எல்ஃப் அட்டவணையைத் தேடி எடுக்க வேண்டும். எந்தப் பெயரைச் சுட்டப் போய் இது வந்தது, எந்தப் பிரிவில், எத்தனையாவது பைட்டில் என்ற விபரமெல்லாம் அந்த நேரத்தில் கருவியின் கையில்தான் இருக்கின்றன. இன்னும் நாலு வரி எழுதினால் அச்சிட்டுவிடலாம்.