சிப்புக்கும் உண்டு கதவு எண்!

அம்பத்தூர் என்றால் 600053. பக்கத்திலேயே இருக்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு 600058. ஆவடிக்கு 54, பூந்தமல்லிக்கு 56. பின்கோடு சரியாக இருந்தாலும் பார்சல் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருந்தால் கூரியர் தம்பி போன் போட்டே தீருவார்.

இதே தலைவலி வாஷிங் மெஷின் போர்டுக்குள்ளும், எடை மெஷினுக்குள்ளும், இன்ஜினீயரிங் மாணவர்களின் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குள்ளும் இருக்கிறது. போர்டில் மூளை மாதிரி ஒரு கன்ட்ரோலர். மணி பார்க்க ஒரு சிப், வெப்பம் பார்க்க ஒரு சிப், எழுத்து காட்ட ஒரு டிஸ்ப்ளே. எல்லாம் பெரும்பாலும் இரண்டே ஒயரில் தொங்கும். 1982-ல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஐ2சி என்ற முறை இது. ஒயர் பொது என்பதால், கன்ட்ரோலர் முதலில் எண்ணைக் கூப்பிடும். அந்த எண்ணுக்குரிய சிப் மட்டும் பதில் சொல்லும்.

மொத்தம் 128 எண்கள். 16 ரிசர்வ் போக, புழக்கத்தில் 112. உலகத்தில் உள்ள சிப் வகைகளோ ஆயிரக்கணக்கில். எண்ணைத் தருவது சிப் தயாரிக்கும் நிறுவனம். வாங்குகிறவருக்கு மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு இலக்கத்தை மாற்றும் சலுகை உண்டு. ஆகவே ஒரே கதவு எண்ணில் இரண்டு பேர் குடியிருப்பது சகஜம்.

பிரபலமான உதாரணம் 68. (இது ஹெக்ஸ் கணக்கு, ஒரு பெயர் என்று எடுத்துக்கொண்டால் போதும்.) மணி பார்க்கும் டிஎஸ்1307 சிப்பின் எண் 68. அசைவு பார்க்கும் எம்பியு-6050 சிப்பின் எண்ணும் 68. இரண்டையும் ஒரே ஒயரில் மாட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். ஐ2சி ஒயரில் பூஜ்யம் சொல்பவர் குரல்தான் எடுபடும் என்பதால் கிடைப்பது மணியும் இல்லை, அசைவும் இல்லை, ஒரு கலவைக் குப்பை. புரோகிராமைத் தலைகீழாகப் புரட்டினாலும் தவறு அதில் கிடைக்காது. மருந்து ஒரே ஒரு ஒயர். அசைவு சிப்பில் ஏடி0 என்ற காலை 3.3 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டினால் அது 69-க்குக் குடிபோய்விடும். மணி சிப் நகராது, அதற்கு அந்த வசதியே இல்லை.

பழைய எண், புதிய எண் குழப்பமும் அப்படியே உண்டு. அதே மணி சிப்பின் எண்ணைச் சில ஆவணங்கள் டி0 என்று எழுதும். படிக்கவா, எழுதவா என்று சொல்லும் ஒரு பிட்டைக் கடைசியில் ஒட்டினால் 68 என்பது டி0 ஆகிவிடும். இரண்டும் ஒரே வீடு. ஆவணத்தில் பார்த்ததை அப்படியே புரோகிராமில் போட்டவர் யாரும் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

ரிப்பேர் வேலையில் இன்னும் மோசம். எல்சிடி டிஸ்ப்ளேவின் முதுகில் இருக்கும் சின்ன போர்டில் பிசிஎஃப்8574 என்ற சிப் இருக்கும். வழக்கமாக எண் 27. அதே சிப்பின் பெயருக்குப் பின்னால் ‘ஏ’ என்ற ஒரே ஒரு எழுத்து கூடுதலாக இருந்தால் எண் 3எஃப். வேலை ஒன்றுதான், கால்களும் அப்படியேதான், விலாசம் மட்டும் வேறு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ‘அதே பீஸ்தான் சார்’ என்று கொடுத்ததை மாட்டிவிட்டு, லைட் எரிகிறது, எழுத்து வரவில்லை என்று டிஸ்ப்ளேவைத் தூக்கிப் போடுவது இதனால்தான். போன காசு ஒரு எழுத்துக்காக.

எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழி சுலபம். ‘ஸ்கேனர்’ என்ற குட்டி புரோகிராம் ஒவ்வொரு எண்ணாக, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோலக் கூப்பிடும். இருக்கும் சிப் ஒயரைக் கீழே இழுத்து ‘உள்ளேன் ஐயா’ சொல்லும். ஒரு மாட்யூல் மாட்டினால் சில சமயம் இரண்டு எண் வரும். பயப்பட வேண்டாம், மணி மாட்யூலில் பல சமயம் ஒரு நினைவக சிப்பும் ஒண்டுக்குடித்தனம் இருக்கும். ஆனால் ஒரே எண்ணில் இருவர் இருந்தால், ஸ்கேனர் ஒன்றைத்தான் காட்டும்.

‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுத்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. ஈரப்பதம் பார்க்கும் போஷ் நிறுவனத்தின் பிஎம்இ280 சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தம்பி பிஎம்பி280 விலை குறைவு, வெப்பமும் காற்றழுத்தமும் மட்டும் காட்டும், ஈரப்பதம் கிடையாது. இரண்டுக்கும் விலாசம் ஒன்றுதான், 76 அல்லது 77. அளவில் வித்தியாசம் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர். பிஎம்இ என்று வாங்கிய மாட்யூலில் பிஎம்பி உட்கார்ந்திருப்பது சந்தையில் புதிதல்ல. முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்காகவோ காளான் கொட்டகைக்காகவோ வாங்கியவருக்கு முக்கியமான எண்ணே கிடைக்காது.

கண்டுபிடிக்க சிப்பிடமே கேட்கலாம். டி0 என்ற அறையில் அதன் அடையாள எண் இருக்கும். (மணி சிப்பின் டி0 வேறு, இது சிப்புக்குள் இருக்கும் அறை எண்.) 60 வந்தால் பிஎம்இ. 58 வந்தால் பிஎம்பி. ‘ஒயரைச் சரிபார்’ என்று திரையில் வரும்போது பலர் மணிக்கணக்கில் ஒயரைத்தான் பிடுங்கி மாட்டுகிறார்கள். ஒயரில் ஒரு குறையும் இருக்காது, உள்ளே ஆள் வேறு, அவ்வளவுதான். எம்பியு-6050 இதில் வேடிக்கை. 69-க்குக் குடிபோன பிறகும் அடையாள எண் கேட்டால் 68 என்றே சொல்லும். வீடு மாறியும் ரேஷன் கார்டில் பழைய முகவரி மாதிரி.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று வந்தது டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சார். ஐ2சி கிடையாது, ஒரே ஒரு டேட்டா ஒயர். பிறக்கும்போதே 64 பிட் எண், ஆதார் மாதிரி, இன்னொன்றுக்கு வராது. பத்து சென்சாரை ஒரே ஒயரில் தொங்கவிடலாம். ஆனால் ஒன்று கெட்டு, புதியதை மாட்டினால் எண் புதிது. பழைய எண்ணை புரோகிராமில் எழுதி வைத்திருந்தால் குளிர்பதன அறை புதிய சென்சாரைக் கண்டுகொள்ளாது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் சர்வீஸுக்கு வந்தவர் கையைப் பிசைய வேண்டியதுதான். அதனால் விவரமானவர்கள் போர்டில் ஒரு பட்டன் வைத்துவிடுகிறார்கள். அழுத்தினால் ஒயரில் இருப்பவர்களைப் புதிதாகத் தேடி, எண்ணைச் சேமித்துக்கொள்ளும். எந்த சென்சார் எந்த மூலையில் இருக்கிறது என்பதை மட்டும் மனிதர்தான் சொல்ல வேண்டும். எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை ஸ்டிக்கரில் எழுதி ஒயரில் ஒட்டிவிட்டால் அதற்கும் வேலை முடிந்தது.